மனசுக்கு செலக்‌ஷன் போட்டவர்

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இடையில் பிளைவுட் தடுப்பு. உட்கார்ந்தால் பக்கத்து ஆளின் தலை தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அங்கே உட்கார்ந்து என் பயோடேட்டாவை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டிருந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"அக்கா, 'தூக்கம் வரல'ன்னு இங்கிலீஷ்ல எப்பிடி அடிக்கிறது?"

சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுகிற சத்தம் வந்தது.

"'கை நடுங்குது'ன்னு?"

அதையும் சொன்னேன்.

"'வாழவே புடிக்கல'ன்னு?"

அரிசி என்ன விலை என்று கேட்கிற குரலில்தான் அதையும் கேட்டாள். நான் எழுந்து எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓடிவிடுவாள் என்று தெரிந்தது. "யாருக்கு அடிக்கிற?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியாதுக்கா. சாட்ல வந்தவரு. துபாயாம்."

அது எனக்குத் தெரிந்த குரல்தான். கௌரி. விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம், ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்த இளைஞர் மனநல மையத்துக்கு முந்தின வாரம்தான் கம்பெனி நர்ஸ் அவளை அனுப்பியிருந்தார். எங்கள் கவுன்சிலர் எஸ்தர் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து துப்பட்டா நுனியை முறுக்கி முறுக்கி, "நல்லாத்தான் கீறேன் மேடம், ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவள். எஸ்தர் அக்காவைவிட அன்பான முகம் இந்த ஜில்லாவில் இல்லை. அந்த முகத்திடம் சொல்லாததை ஒரு பிளைவுட் பலகையிடம் சொல்லிவிட்டாள்.

அங்கேயே யோசனை பிறந்தது. இவர்களுக்கு வேண்டியது முகமில்லாத காது. கம்ப்யூட்டர் கேட்கட்டும். ஹெட்போனில் எஸ்தர் அக்காவின் குரல் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும். இவர்கள் பட்டனை அமுக்குவார்கள். யார் கஷ்டத்தில் இருக்கிறார்கள் என்பது எஸ்தர் அக்கா ஒருத்திக்கு மட்டும் போகும். அவள் பிறகு சத்தமில்லாமல் ஆளைத் தேடிப் பிடித்துக்கொள்வாள். பயோடேட்டாவை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கி ஓடினேன்.

ஓடியது யாரிடம் என்பதுதான் இந்தக் கதை. மையத்தின் செக்ரட்டரி. அவருடைய பெயர் இங்கே தேவையில்லை. சொன்னால் சந்தோஷப்பட்டுப் பத்து பிரதி வாங்கி, அட்டை, அச்சு, காகிதம் எல்லாவற்றுக்கும் கிரேடு போடுவார்.

முப்பது வருஷம் டேனரியில் தோல் பார்த்தவர் அவர். பதனிட்ட தோல்களை மேஜைமேல் விரித்து, உண்ணிக்கடி, முள்கீறல், கத்திவெட்டு எல்லாம் பார்த்து ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று பிரிப்பதை அங்கே செலக்‌ஷன் என்பார்கள். அதில் அவர் கெட்டிக்காரர் என்று பேரணாம்பட்டு வரைக்கும் பேச்சு. இருக்கலாம். செத்த ஆட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி அவருக்குத் தெரியாது.

டேனரியை விட்டு வந்தாரே தவிர, செலக்‌ஷனை அவர் விடவில்லை. எதைக் கண்டாலும் வலது கைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவுவார். டீ கிளாஸின் விளிம்பு, எதிரே நிற்கிறவரின் சட்டைக் காலர், புது பைபிளின் அட்டை, எல்லாமே. தடவி முடித்ததும் தீர்ப்பு வரும். கல்யாண வீட்டில் பிரியாணி பரிமாறினால், "அரிசி ஃபர்ஸ்ட், கறி தேர்டு" என்பார், பரிமாறுகிறவனின் முகத்தைப் பார்த்தே. சர்ச் முடிந்து வெளியே வரும்போது போதகர் ஐயர் கையைக் குலுக்கி, "இன்னிக்குப் பிரசங்கம் செகண்ட்ஸ் ஐயரே" என்பார். தம்பி மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் காபித் தட்டோடு நின்ற பெண்ணின் முன்னாலேயே, "பல்லு ஃபர்ஸ்ட்டு. கலரு கொஞ்சம் கம்மி. மொத்தத்துல பாஸ்" என்றாராம். அந்தப் பெண் தட்டை வைத்துவிட்டு, "உங்களுக்குத் தலமுடி ரிஜெக்ட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. உண்மையாக இருக்க வேண்டுமென்று ரொம்ப நாள் ஜெபித்திருக்கிறேன்.

என்னை வேலைக்கு எடுத்த அன்று என் சர்டிபிகேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. "மார்க்கு ஃபர்ஸ்ட் கிளாஸு. ஆளப் பாத்தா செகண்ட்ஸ் மாரி கீற. பாப்போம்" என்றார். அதுதான் இன்டர்வியூ. பேசுகிறவரின் கண்ணை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. நெற்றி, கன்னம், கழுத்து என்று மேயும் பார்வை. எங்கே குறை கிடைக்கிறதோ அங்கே நிற்கும்.

இப்படிப்பட்டவர் மனநல மையத்துக்கு எப்படி செக்ரட்டரி ஆனார் என்று கேட்டால், கமிட்டியில் வேறு யாரும் கை தூக்கவில்லை, அவ்வளவுதான்.

என் யோசனையைப் பாதி கேட்டார். பாதியிலேயே போனை எடுத்து ஷூ கம்பெனியின் நல அதிகாரியைக் கூப்பிட்டார். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிற பையர்கள் வரப்போகிறார்கள், தொழிலாளிகளை எப்படிக் கவனிக்கிறீர்கள் என்று கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். "நமக்கு ஒரு ஐடியா வந்துச்சு சார்" என்று ஆரம்பித்தார். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

கம்பெனியிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் மையத்துக்கு வந்தது. ஐயரை வரவழைத்து அதற்குப் பிரதிஷ்டை ஜெபம் பண்ணினார்கள். ஜெபம் முடிந்ததும் செக்ரட்டரி மானிட்டரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "ஃபினிஷிங் நல்லா கீது" என்றார். அந்த அறைக்குள் செருப்பு போட்டுக்கொண்டு போகக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டார். ஊருக்கெல்லாம் ஷூ தைத்துக் கொடுக்கிற பெண்கள் வெறுங்காலோடு வரிசையில் நிற்க வேண்டும்.

கேள்விகளை எஸ்தர் அக்கா எழுதினாள். அவள் பேசப் பேச நான் பதிவு செய்தேன். சரியாக "உங்களுக்கு அழுகை வருகிறதா" என்னும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு ரயில் கத்திக்கொண்டு போகும். மறுபடி முதலிலிருந்து. எல்லாக் கேள்விக்கும் மூன்றே பட்டன்: எப்போதும், சில நேரம், இல்லவே இல்லை. கடைசியில் திரையில் 'நன்றி' என்று மட்டும் வரும். அந்த 'நன்றி'யில்தான் செக்ரட்டரியோடு தகராறு தொடங்கியது.

"இன்னாம்மா இது, நன்றி சொல்றதுக்கு மெஷின் எதுக்கு? கேட்ல வாட்ச்மேன் கீறான், அவன் சொல்லுவான். கிரேடு எங்க?"

"கிரேடு இல்ல சார். எஸ்தர் அக்கா படிச்சுப் பாத்து முடிவு பண்ணுவாங்க."

"படிச்சுப் பாத்தா? ஒரு தோலுக்கு நான் எவ்ளோ நேரம் எடுத்துப்பேன் தெரியுமா? கண்ணு பட்டா முடிஞ்சிது."

"தோல் பதில் சொல்லாது சார்" என்றாள் எஸ்தர் அக்கா.

"அதனாலதாம்மா அது பொய் சொல்றதில்ல."

வாய் மட்டும் ஃபர்ஸ்ட் குவாலிட்டி. சம்பளம் கொடுக்கிறவர் அவர். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டுக்குப் பதிலாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று திரையில் நிறம் வந்தது.

தொடக்க விழாவுக்கு முந்தின நாள் செக்ரட்டரி நல அதிகாரியைக் கூட்டி வந்து உட்காரவைத்து, ஒத்திகை என்று சொல்லித் தானே ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கம்ப்யூட்டர் தன்னைக் குறை சொல்லும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதனால் உண்மையாகவே பதில் சொன்னார். தூக்கம் வராமல் புரள்கிறீர்களா என்பதற்கு 'எப்போதும்'. சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வருகிறதா என்பதற்கு 'எப்போதும்'. மனசுவிட்டுப் பேச ஆளே இல்லையென்று தோன்றுகிறதா என்ற கேள்வியில் அந்தக் கட்டைவிரல் கொஞ்ச நேரம் பட்டன்மேல் சும்மா நின்றது. பிறகு அதற்கும் 'எப்போதும்'.

திரை மஞ்சளானது. நல அதிகாரி ஃபேனைப் பார்த்தார்.

"மெஷின்ல டிஃபெக்ட் கீது" என்றார் செக்ரட்டரி. "சரி பண்ணும்மா."

நான் கீபோர்டு ஒயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினேன். வேறொன்றையும் தொடவில்லை. "இப்ப பாருங்க சார்."

இந்த முறை அவர் கேள்வி முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கடைசிப் பட்டன், 'இல்லவே இல்லை'. பச்சை.

"ஆங். இப்பதான் செட் ஆச்சு."

பஸ்ஸுக்கு நடந்து வரும்போது எஸ்தர் அக்கா, "பாவம்டி அந்த மனுஷன். பேச ஆளே இல்லன்னு அமுக்கினாரு, பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன். அதுக்குப் பேரு டிஃபெக்ட்டுன்னு சொன்னதையும் பாத்தேன்."

"உனக்கு இரக்கமே இல்லடி."

"கீதுக்கா. அவருக்குக் குடுக்கற அளவுக்கு ஸ்டாக்கு இல்ல."

இப்போதும் இல்லை. ஏனென்றால் அடுத்து அவர் செய்தது டோக்கன்.

லைனை விட்டு வெளியே வருகிற பெண்ணுக்கு கேட்டில் காட்ட ஏதாவது வேண்டும். சிவப்பு வந்தவர்கள் மறுநாள் எஸ்தர் அக்காவைப் பார்க்கக் கம்பெனியிலிருந்து மறுபடி எங்கள் மையத்துக்கு வர வேண்டுமே, அதற்கு வழி பண்ணுகிறேன் என்று சொல்லி, கழிவுத் தோலில் வட்ட வட்டமாக வெட்டி, மூன்று நிறத்தில் சாயம் போட்டு, ஓட்டை குத்தி, ஷூ லேஸில் கோத்து எடுத்துக்கொண்டு வந்தார். நிறம் வந்தவுடன் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். "தொலைஞ்சி போவாது. வாட்ச்மேனும் தூரத்துல இருந்தே பாத்துக்கலாம்" என்றார். எஸ்தர் அக்கா நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசியதை அன்றுதான் பார்த்தேன். அவர் அவளுடைய கழுத்தில் ஒரு பச்சை டோக்கனை மாட்டி, "பாரு, செயின் மாரி அழகா கீது" என்றார். மனம் என்று ஒன்று இருக்கிறது என்றும், அதற்கு வெட்கம் என்று ஒன்று உண்டு என்றும் அந்த மனிதரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அதையும் தடவிப் பார்த்திருப்பார்.

முதல் நாள் கௌரி வந்தாள். வெறுங்காலோடு உட்கார்ந்து ஹெட்போனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஒவ்வொரு கேள்வியையும் கடைசிவரை கேட்டு, நிதானமாக உண்மையை அமுக்கினாள். சிவப்பு வந்தது. ஒரு கணம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யோசனை சரிதான், சொல்லிவிட்டாள், எஸ்தர் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் செக்ரட்டரி நடந்து வந்து அவளுடைய கழுத்தில் சிவப்பை மாட்டினார்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில்தான் நானும் வேலூருக்குப் போவேன். அன்று கௌரி ஏறியதும் பேச்சு தொடங்கியது.

"ஏ ரெட்டு, ஜன்னலாண்ட உக்காராத. குதிச்சிகிதிச்சி வெக்கப்போற."

"எங்க சித்தி புள்ளைக்கு இவளத்தான் கேக்கலாம்னு இருந்தாங்க. நல்லவேள."

"ஏ டிரைவரண்ணா, ரெட்டு ஏறிக்கிச்சு, வண்டிய நிறுத்து."

கௌரி டோக்கனைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். பின்பக்கமும் சிவப்புதான்.

மறுநாள் அவள் மையத்துக்கு வரவில்லை. சிவப்பு வந்த யாருமே வரவில்லை. எல்லோரையும் மறுபடி மெஷின் முன்னால் உட்காரவைக்கிற அடுத்த சுற்றுக்குள் பஸ்ஸிலேயே டியூஷன் தொடங்கிவிட்டது. பின்சீட்டில் மேரி என்று ஒரு சீனியர், சுற்றிலும் ஏழெட்டுப் பேர்.

"அந்த அக்கா ஹெட்போன்ல இன்னா வேணா கேக்கட்டும். காதுல வாங்காத. கடைசிப் பட்டன். கேக்கும், கடைசிப் பட்டன். கேக்கும், கடைசிப் பட்டன்."

"அழுவ வருதான்னு கேட்டா?"

"வந்தா பஸ்ல வந்து அழுவு. அங்க கடைசிப் பட்டன்."

அந்தச் சுற்றில் எல்லோரும் பச்சை. கௌரியும் பச்சை. செக்ரட்டரி கண்ட அதே வழியை இவர்களும் கண்டுபிடித்திருந்தார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: இவர்களுக்குத் தாங்கள் பொய் சொல்கிறோம் என்று தெரியும்.

பையர்கள் வந்தார்கள். பச்சை டோக்கன் மாட்டிய பெண்கள் வரிசையாக நிற்க, நடுவில் கோட்டு போட்டுக்கொண்டு அவர். "ரிஜெக்‌ஷன் ஜீரோ" என்றார் ஆங்கிலத்தில். கைதட்டினார்கள். பிரியாணி வந்தது, அன்று மட்டும் கறியும் ஃபர்ஸ்ட்.

அந்த வாரம்தான் கம்பெனி நர்ஸ் எஸ்தர் அக்காவுக்குப் போன் செய்தார். கௌரி விரலில் ஊசி ஏறிவிட்டது. இரண்டாவது தடவை. வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லையாம், பார்த்துக்கொண்டே நின்றாளாம். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு போகிறாளாம். எஸ்தர் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு செக்ரட்டரியிடம் போனாள். கௌரியைக் கம்பெனியிலிருந்து வரவழைக்க அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பச்சைய எதுக்கும்மா திருப்பிக் கூப்புடறே? பாஸ் பண்ண தோல எவனாவது மறுபடி டேபிள்ல போடுவானா?"

"சார், அவ பொய் சொல்லிருக்கா" என்றேன்.

"மெஷினு நல்லா கீறான்னு சொல்லுது. அத செஞ்சது நீதான? உன் மெஷின உனக்கே நம்பிக்க இல்லயா?"

"மெஷின நம்பறேன் சார். டோக்கனத்தான் நம்பல."

அவர் மேஜையிலிருந்து ஒரு டோக்கனை எடுத்தார். தடவினார். நிஜமாகவே மனம் புண்பட்டவரின் குரலில், "இது ஃபர்ஸ்ட் குவாலிட்டி லெதரும்மா" என்றார்.

அன்றோடு நான் நின்றுவிட்டேன். எஸ்தர் அக்கா நிற்கவில்லை. "நானும் போய்ட்டா இதுங்களுக்கு இவரு மட்டும்தான் மிச்சம்" என்றாள்.

வேலூரில் ஒரு பழைய செல்போன் வாங்கினேன். அதற்குள் கிராமங்களில்கூட வீட்டுக்கு ஒரு போன் வந்திருந்தது, அநேகமாக அண்ணன் பாக்கெட்டில். கௌரி இறங்கும் ஸ்டாப்பில் காத்திருந்து, கூடவே நடந்து, நம்பரைச் சொன்னேன். எழுதிக்கொள்ள வேண்டாம், மனப்பாடம் செய்துகொள் என்றேன். முகம் காட்ட வேண்டாம், பேச வேண்டாம், தோன்றியதை அடித்து அனுப்பு, நானும் எஸ்தர் அக்காவும் மட்டும் படிப்போம். அவள் நம்பரை ஒருமுறை திருப்பிச் சொன்னாள்.

"நிறம் வருமாக்கா?"

"வராது."

"அண்ணன் குளிக்கப் போவும்போதுதான் போனு கைல கிடைக்கும். நான் அனுப்பிச்சிட்டு அழிச்சிடுவேன். நீங்க பதில் மட்டும் அனுப்பாதீங்க. அவன் பாத்தான்னா பேஜாராயிடும்."

அனுப்பினாள். அவள் எழுதியதை இங்கே எழுத மாட்டேன். எஸ்தர் அக்கா படித்துவிட்டு, "இவ டாக்டரப் பாக்கணும். இந்த வாரமே" என்றாள். டாக்டரைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லி ஏற்பாடு செய்தாள்; நாளையும் நேரத்தையும் பிறகு சொல்கிறேன் என்றார் டாக்டர். ஆனால் வா என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? ஒவ்வொரு தடவையும் வழியில் நின்று பிடித்துச் சொன்னால் பஸ் முழுக்கப் பார்க்கும். பதில் அனுப்பினால் அண்ணன் பார்ப்பான்.

என் போனில் அந்த நேரம் பார்த்து ஒரு மெசேஜ் வந்தது, காலர் ட்யூன் வேண்டுமா என்று. எல்லோர் போனுக்கும் நாளெல்லாம் வருகிற தொல்லைதான். யாரும் படிப்பதில்லை.

மறுநாள் கடைசியாக ஒரு தடவை அவள் கூடவே ஸ்டாப்பிலிருந்து நடந்து, விளம்பரம் மாதிரி ஒன்று வரும், அதில் நாளும் நேரமும் இருக்கும், எஸ்தர் அக்கா வீடு என்று சொல்லி வைத்தேன். அடுத்த நாள் டாக்டர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறேன் என்றார். உடனே அனுப்பினோம்: ஞாயிறு காலை பதினொரு மணி முதல் காலர் ட்யூன் இலவசம். அண்ணன் பார்த்திருக்கிறான். "தே, இவனுங்க தொல்ல தாங்கல, அழிச்சிடு" என்று சொல்லித் தங்கச்சி கையிலேயே போனைக் கொடுத்துவிட்டு வெளியே போயிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு முன்னாலேயே அவள் எஸ்தர் அக்கா வீட்டு வாசலில் நின்றாள்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். சாப்பாட்டு டப்பா காலியாகத் திரும்புகிறது என்று நர்ஸ் சொல்கிறார். சில வாரம் நன்றாக இருக்கிறாள், சில வாரம் இல்லை. இல்லாத வாரம் அனுப்புகிறாள்.

செக்ரட்டரியைப் போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். என் புடவை முந்தானையை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, செகண்ட்ஸ்ல மேலா கீது" என்றார். "உன் மெஷினு இன்னும் ஓடுது, தெரியுமா? இன்னிவரைக்கும் ஒரு ரெட்டு இல்ல. வேற ஊர்ல இருந்துல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க. நான் கண்டுபுடிச்சதுன்னு சொல்றேன்." தூங்குகிறீர்களா சார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டிருந்தால் கடைசிப் பட்டனைத்தான் அமுக்கியிருப்பார். கை கழுவப் போய்விட்டேன்.

நேற்று கௌரியிடமிருந்து மெசேஜ் வந்தது. முதல் முறையாக அவளைப் பற்றியது இல்லை. பின்சீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாளாம், மேரியின் டியூஷனில் முதலில் தேறியவள். அவளுக்கும் இந்த நம்பரைச் சொல்லிவிட்டாளாம், விளம்பர வழியையும் சொல்லிவிட்டாளாம். அந்தப் பெண்ணும் அனுப்பிவிட்டாள். படித்தோம். காத்திருக்க நேரமில்லை. இனி வேலைக்குப் போகப்போவதில்லை என்றும் எழுதியிருந்தாள், கௌரி வழியாகச் சொல்லியனுப்பவும் முடியாது.

அந்த வீட்டில் போன் அப்பாவுடையது. எந்த மெசேஜ் வந்தாலும், விளம்பரமே ஆனாலும், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நடுவீட்டில் நின்று, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்துவிட்டு உடனே அழிப்பவர். மகள் கையில் கொடுப்பவர் இல்லை. நாளைக்கு எஸ்தர் அக்கா வீட்டில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் எழுதிப் பார்க்கப்போகிறோம்: அவர் சத்தமாகப் படிக்க வேண்டும், அவருக்கு அது வெறும் தொல்லையாக இருக்க வேண்டும், அடுப்படியில் இருக்கிற அவள் மட்டும் அதைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்குப் புறப்பட வேண்டும்.